தொட்டிப் பானகம்

“தொட்டியில இருந்த பானகத்த அந்தம்மா குடிச்சாங்களா, குடிக்கலையா?”

டவுனிலிருந்து வந்த போலீஸ் மொழிபெயர்ப்பாளர் ஆபீஸ் வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பார்த்தால் கோபக்காரராகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

நான் ஆட்டியது உண்மை. பெரியநாயகி அத்தை தொட்டியிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எதில் கலந்தார்கள், எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள் என்று கேட்டிருந்தால் அதற்கும் கையைக் காட்டியிருப்பேன். அதை யாரும் கேட்கவில்லை.

அன்று மாலையே அத்தையை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அது ஐம்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டம் லூபோக் சீனா டவுனிலிருந்து ஐந்து மைல் உள்ளே. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, தள்ளித் தள்ளி இருந்த மூன்று லயத்து வரிசை வீடுகளையும் பிரித்து ஆபீசுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் வேலிக்கு வெளியே நின்றுபோனது. நானும் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனேன்.

வேலிக்கு ஒரே கேட். கேட்டில் துப்பாக்கியோடு எஸ்.சி.மார் நிற்பார்கள். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என்பதை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். காலையில் வேலைக்குப் போகிற பெண்களை ஒரு மலாய்க்காரம்மா இடுப்பு, முந்தானை, தலைத்துண்டு என்று தடவிப் பார்த்து விடுவார். சோறு கொண்டுபோகக் கூடாது. ரொட்டி கூடாது. தேத்தண்ணியில் சீனி இருந்தால் அதையும் கொட்டச் சொல்வார்கள். கடையில் டின் மீன் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணி அடித்து ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பார், யாரும் சேர்த்துவைக்க முடியாதபடி. மாலை ஆறு மணிக்கு கேட் மூடினால் காலை ஆறு மணிவரை கர்ப்பியூ. கக்கூசுக்குப் போகிறவர்கள்கூட லாந்தரைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போகவேண்டும்.

எங்கம்மா ராமாத்தாளும் பெரியநாயகி அத்தையும் வெளிக்காட்டு வேலையில் ஒரே ஜோடி. பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று சாங்கோல் மண்வெட்டியால் புல் கொத்துவார்கள். அம்மா வேகமாகக் கொத்தி முன்னால் போய்விடும். பிறகு திரும்பி வந்து அத்தையின் நிரையில் பாதியை முடித்துக்கொடுக்கும். உறவில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான்; எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே சுவர். அத்தையின் புருஷன் வீரமுத்து மாமாவும் மகள் இருசம்மாளும் பால் மரம் வெட்டுகிறவர்கள். இருசம்மாள் என்னைவிட இரண்டு வயது பெரியவள்.

மாரியம்மன் திருவிழாப் பானகம் எட்டு வருஷமாக அத்தையின் கைப்பக்குவம். அதற்கு ஒரு முறை இருந்தது. கலக்குகிற வீட்டுப் பெண்கள் ஒரு வாரம் ஒருவேளை விரதம் இருப்பார்கள். முதலில் அம்மனுக்கென்று ஒரு புது மண்கலயத்தில் கலந்து தனியே வைப்பார்கள். பிறகுதான் சனங்களுக்கு. பூசை முடிந்து எல்லாரும் குடித்த பிறகு, பூசாரியும் அந்த வீட்டுப் பெண்களும் அம்மன் கலயத்தில் மிஞ்சியதைக் குடித்து விரதத்தை முடிப்பார்கள். சனங்களின் பானகத்தை அவர்கள் தொட்டுக் குடிப்பதில்லை.

முன்பெல்லாம் சனங்களுக்கு நான்கு பெரிய சீனச் சாடிகளில் கலக்குவார்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் பெண்கள் கூடிப் பழம் பிழிவார்கள். லயம் மாற்றியபோது லோரியில் ஏற்றிய சாடிகளில் ஒன்றுகூட முழுசாக வந்து சேரவில்லை.

“கர்ப்பியூல நாலு மணிக்கு எவ வெளிய வர்றது?” என்று திருவிழாவுக்கு முந்தின வாரமே அத்தை வடிவேலு தண்டலிடம் கேட்டது. தண்டல் என்றால் கங்காணிகளுக்கு மேல் ஆள்; கோவில் தலைவரும் அவர்தான். “ஆறு மணிக்கு மேல பிழிஞ்சா பொங்கல் வைக்க ஆளிருக்காது. எட்டுக்குச் சாமி பொறப்படணும், ஒரு மணிக்கு எல்லாம் முடிக்கணும்னு பெர்மிட்டுல போட்டிருக்கான்.”

“முந்துன நாளே கலக்கி வச்சிரு லா. பானகம்தான, சோறா ஊசிப்போக?”

“எதுல கலக்குறது தண்டலே? உங்க தொப்பியிலயா?”

தண்டல் சிரித்தார். “தொரைகிட்ட கேட்டுட்டேன். ஸ்டோர்ல ரெண்டு புதுத் தொட்டி கெடக்கு. மழத்தண்ணி பிடிக்க வந்தது. பளபளன்னு இருக்கு பாரு, மொகம் பாத்துப் பொட்டு வைக்கலாம்.”

சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டு வந்ததும் கோவில் கொட்டகையில் உட்கார்ந்தோம். மழை வருவதுபோல் புழுங்கியது, வரவில்லை. தொட்டிகள் இரண்டும் உண்மையிலேயே அழகாக இருந்தன. இரும்பின் மேல் வெள்ளை முலாம் பூசி, பூப்பூவாக மின்னின. அத்தை அவற்றைச் சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவியது. எலுமிச்சம்பழம் முந்நூறு. அது போதாதென்று வேலியோரத்தில் விளைந்த அன்னாசி பதினெட்டு. ஒரு பானை நிறையப் புளிக்கரைசல். சீனி ரேஷன் என்பதால் மலாய்க் கம்போங்கிலிருந்து குலா மலாக்கா என்கிற தென்னங்கருப்பட்டி வாங்க ஆபீஸ் கிராணி பெர்மிட் எழுதிக்கொடுத்திருந்தார். மூங்கிலில் ஊற்றி எடுத்த கறுத்த வட்டங்களை இருசம்மாள் உலக்கையால் இடித்தாள்.

“அண்ணி, இந்த அன்னாசி புளிக்கிற புளிப்புல பல்லு தனியா நடந்துபோயிரும்” என்றது அம்மா.

“போனா போகுது. ஒனக்கு இருக்கிறது நாலு பல்லு.”

“நாலும் ஒங்க அண்ணன கடிக்க வச்சிருக்கேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விரலெல்லாம் எரிந்தது. முதலில் அம்மன் கலயத்தில் கலந்து வாழையிலையால் மூடிக் கட்டியது அத்தை. பிறகு தொட்டிகள். ஐந்து மணிக்கு முடிந்தது. இரண்டு தொட்டிகளையும் வெள்ளைத் துணியால் மூடிவிட்டு, கேட் மணி அடிப்பதற்குள் அவரவர் வீட்டுக்கு ஓடினோம்.

மறுநாள் பதினோரு மணிக்குச் சாமி சுற்றி வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தொண்டை காய்ந்து வந்தவர்களுக்கு அத்தை தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றியது. கேட்டில் நின்ற எஸ்.சி.மார் இருவருக்கும் தண்டல் கூஜாவில் கொடுத்தனுப்பினார். அம்மா மூன்று தம்ளர் குடித்தது.

“என்னா அண்ணி, நாக்குல ஒரு மாதிரி துவர்க்குது?”

“குலா மலாக்காவ கொஞ்சம் தீயவிட்டு எறக்கியிருப்பான் போல. இந்தா, இன்னொரு தம்ளர்.”

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் தண்டல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். வெயில் என்றார்கள். பிறகு முனியம்மா. பிறகு வரிசையாக. வீரமுத்து மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் குந்திவிட்டார். எங்கம்மா என் மடியிலேயே எடுத்தது. நான் முந்தின நாள் பிழியும்போதே அன்னாசி தின்று பல் கூசிப்போய்ப் பானகமே வேண்டாமென்று இருந்தவள். கேட்டில் ஒரு எஸ்.சி. துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்த சார்ஜெண்ட் விசில் ஊதினான்.

டிரசர் தங்கையா ஆஸ்பத்திரிக் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்தார், பாய் விரித்துப் படுக்கவைத்தார். இருட்டுவதற்குள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

அறுபத்துநான்கு பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். என்னைப் போன்ற சின்னப் பிள்ளைகளை விட்டால், எடுக்காதவர்கள் மூன்று பேர். பூசாரி, பெரியநாயகி அத்தை, இருசம்மாள். மூவரும் அம்மன் கலயத்தில் குடித்தவர்கள்.

அத்தைக்கு ஒரு தம்பி இருந்தான், கந்தசாமி. நாற்பத்தெட்டில் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து கொடி பிடித்தவன். சங்கத்தை மூடிய வாரத்தில் காணாமல் போனான். காட்டுக்குள் போய்விட்டான் என்று சிலரும், கப்பலேறிவிட்டான் என்று சிலரும் சொன்னார்கள். அத்தைக்கு ஒரு கடிதாசியும் வந்ததில்லை. அந்தப் பெயர் போலீஸ் புத்தகத்தில் இருந்தது. கந்தசாமியின் அக்காள் பானகம் கலக்கினாள், எஸ்.சி. இரண்டு பேர் விழுந்தார்கள், அவள் குடிக்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அது போதும்.

வராந்தாவில் என்னைக் கேட்பதற்கு முன்னாலேயே அம்மாவைக் கேட்டிருந்தார்கள். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னது:

“மூணு தம்ளர் எனக்கு அவங்க கையால ஊத்துனாங்க. துவர்க்குதுன்னு சொன்னேன். இன்னொண்ணு குடின்னாங்க. அவங்க குடிக்கல.”

அத்தை வேனில் ஏறுமுன் ஒரு தரம் எங்கள் வாசலைப் பார்த்தது. அம்மா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் இரண்டு பேர்தான். கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படிப் போன குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். இருசம்மாள் இந்த மண்ணில் பிறந்தவள், அத்தை நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தது. தாயும் மகளும் ஆளுக்கொரு கரையில் ஆகிவிடுவார்களோ என்று வீரமுத்து மாமா டிரசரிடம் கேட்டதை நான் சுவர் வழியாகக் கேட்டேன். டிரசர் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

குழாயடியில் இருசம்மாள் வாளியை வைத்தால் பக்கத்து வாளி நகர்ந்துவிடும்.

“புருசனுக்கே ஊத்திக் குடுத்திருக்காளே லா, கல்லு மனசு” என்றாள் முனியம்மா, யாரையும் பார்க்காமல்.

“எங்கப்பா குடிச்சாருன்னா, எங்கம்மா வெஷம்னு தெரிஞ்சு குடுக்குமா சித்தி?” என்று இருசம்மாள் கேட்டாள்.

“ஆருக்குத் தெரியும்? ஒங்கப்பன் ஒறங்கும்போது கொறட்ட விடுறாராம்ல, அந்தக் கோவமா இருக்கும்.”

இரண்டு பேர் சிரித்தார்கள். இருசம்மாள் வாளி நிறைவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு போனாள். அம்மா பக்கத்தில்தான் நின்றது. தன் வாளியைக் குழாயடியில் தள்ளியது. மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது, கங்காணியிடம் போய், “எனக்கு வேற ஜோடி போடுங்க” என்றது. அத்தை லாக்கப்பில் இருக்கும்போது எதற்கு வேறு ஜோடி என்று எனக்குப் புரியவில்லை. அத்தை திரும்பி வரும் என்று அம்மா நினைத்திருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தட்டியது.

டிரசர் தங்கையா ஒல்லியான மனிதர். பாதி வேலை நேரம் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில் போகும். அவர் மட்டும் வீடு வீடாக ஒரு நோட்டோடு வந்தார். “எத்தன தம்ளர் குடிச்ச? எதுலருந்து மொண்டாங்க? எவ்வளவு நேரத்துல வந்துச்சு?” என்று எல்லாரையும் ஒரே மாதிரி கேட்டார். இன்ஸ்பெக்டர் தொட்டிப் பானகத்தை மட்டும்தான் பாட்டிலில் அடைக்கச் சொல்லியிருந்தார். டிரசர் கலயத்தின் அடியில் கிடந்ததையும் வேறொரு பாட்டிலில் ஊற்றி, மெழுகு வைத்து, இரண்டையும் கோலாலம்பூருக்கு அனுப்பிவைத்தார்.

இருபத்து மூன்று நாள் கழித்துக் காகிதம் வந்தது. மறுநாள் அத்தையும் வந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கேட்டருகே ஐ.சி. அட்டையைக் காட்டிவிட்டு, மற்றவர்களைப் போலவே தடவிப் பார்க்க நின்றது. உடம்பு பாதியாக இருந்தது. வீரமுத்து மாமா கேட்டுக்கு இந்தப்புறம் நின்றார். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பெரட்டில் டிரசர் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு பேசினார்.

“கெமிஸ்ட் பாத்து எழுதியிருக்காங்க. எலி மருந்து, பூச்சி மருந்து, காட்டுச் செடி, ஒண்ணும் இல்ல. தொட்டிப் பானகத்துல இருந்தது சிங்க்கு. பத்து லட்சம் பங்கு பானகத்துல ஆயிரத்து இருநூறு பங்கு சிங்க்கு.”

“சிங்க்குன்னா?”

“மேல பாரு. ஒங்க வீட்டுக் கூரையில என்னா இருக்கு? சிங்க்கு. தகரத்துக்கு மேல பூசுற துத்தநாகம். துருப்பிடிக்காம இருக்க அதத்தான் தொட்டிக்கும் பூசுறாங்க. தண்ணி பிடிச்சு வச்சா ஒண்ணும் செய்யாது. புளிப்பப் பிடிச்சு வச்சா, புளிப்பு அந்தப் பூச்சத் தின்னுரும். எலுமிச்சம்பழம், அன்னாசி, புளி, மூணும் சேந்து சனிக்கிழம சாயங்காலத்துலருந்து ஊறியிருக்கு. அதான் துவர்த்திருக்கு, அதான் வயித்தப் பொரட்டியிருக்கு.”

“அப்ப நாங்க கூரையக் கரைச்சுக் குடிச்சோமா டிரசரய்யா?” என்றாள் முனியம்மா. பெரட்டுக் களம் முழுக்கச் சிரித்தது.

டிரசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரியாச் சொன்ன. அதேதான்.”

வீரமுத்து மாமா பின்வரிசையிலிருந்து கேட்டார்: “கலயத்துல இருந்ததுல எவ்வளவு டிரசரய்யா?”

“மூணு பங்கு.”

“அதுலயும் மூணா? அது எப்புடி வந்துச்சு? கலயத்துல ஏது பூச்சு?”

“மண்ணுலருந்து மரத்துக்கு ஏறும், மரத்துலருந்து பழத்துக்கு. நீ திங்கிற கத்திரிக்கா, கீரை, மாங்கா எல்லாத்துலயும் கொஞ்சம் உண்டு. அந்தக் கொஞ்சம் ஒடம்புக்கு வேணும். ஆயிரம் வேண்டாம். அம்புட்டுத்தான்.”

“பழத்துக்குள்ள கூரைத் தகரம்” என்று யாரோ முனகினார்கள். மறுபடி சிரிப்பு.

வடிவேலு தண்டல் சிரிக்கவில்லை. “தொட்டி புதுசுங்க. தொரை குடுத்தது. தொரை குடுத்த தொட்டி ஆள விழ வைக்குமா? தெனம் இதே மாதிரி வாளியிலதான் தண்ணி பிடிச்சுக் குடிக்கிறோம்.”

“தண்ணி வேற தண்டலே, புளிப்பு வேற.”

“அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்” என்று தண்டல் பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆளைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. காட்டுக்கு அரிசி கொடுத்தானாம். அதற்கும் அத்தைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பேச்சு மாறிவிட்டது.

“மாத்தா போலீசு அவள சும்மா விடுவானா? எவன் பேரயாச்சும் சொல்லியிருப்பா.”

முன்பு விஷம் வைத்தவள். இப்போது காட்டிக்கொடுத்தவள். முன்பு வாளி நகர்ந்தது. இப்போது அத்தை வந்தால் பேச்சே நின்றது. வேலையில் அத்தைக்கு ஜோடி இல்லை. கடைசி நிரையைக் கொடுத்தார்கள். அத்தை தனியாகக் கொத்திக்கொண்டு வரும்போது மற்றவர்கள் நிழலுக்குப் போய்விட்டிருப்பார்கள். அம்மா தன் நிரையை முடித்துவிட்டுத் திரும்பி வரவில்லை. ஒருநாள் பாதி தூரம் வந்து, குனிந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனதை, பால் வாளி தூக்கிக்கொண்டு வந்த இருசம்மாள் பார்த்திருக்கிறாள். அவள்தான் எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் விறகு பொறுக்கும்போது அத்தை என் பக்கத்தில் வந்தது.

“ஒன்னய என்னா கேட்டாங்க?”

நான் தரையைப் பார்த்தேன்.

“நான் குடிச்சேனான்னு கேட்டாங்களா?”

தலையாட்டினேன்.

“நெசத்தத்தான சொன்ன. அதுக்கு ஏன் என்னயப் பாத்தா ஓடுற?” என்று சொல்லிவிட்டு, தன் கட்டிலிருந்து இரண்டு காய்ந்த கொப்பை என் கட்டில் செருகியது. “அங்க லாக்கப்புல நாப்பது பொம்பளைங்க. நான் மொண்டு குடுத்த தண்ணியக் குடிச்சாங்க. ஒருத்தியும் என்னா ஏதுன்னு கேக்கல. இங்கதான் எங் கையப் பாக்குறாங்க.”

மறு சனிக்கிழமை மத்தியானம் அத்தை ஒரு கூடை எலுமிச்சம்பழத்தோடு குழாயடிக்கு வந்து உட்கார்ந்தது. போலீஸ் ஒரு தொட்டியைத்தான் எடுத்துப் போயிருந்தது. மற்றது கோவில் பின்னால் கவிழ்ந்து கிடந்தது. வீரமுத்து மாமா அதை உருட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அத்தை யாரையும் கூப்பிடவில்லை. பழத்தை அறுத்தது, பிழிந்தது. இருசம்மாள் அன்னாசியைத் துருவினாள். புளியைக் கரைத்தார்கள். குலா மலாக்கா கொஞ்சம்தான் இருந்தது. எல்லாம் ஒரு பெரிய பானையில் ஒன்றாகக் கலந்த பிறகு, பாதியைப் புது மண்கலயத்தில் ஊற்றியது, பாதியைத் தொட்டியில் ஊற்றியது.

வடிவேலு தண்டல் வந்தார். “என்னா இது? எதுக்கு இதெல்லாம்?”

“ஒண்ணுல்ல தண்டலே. ரெண்டையும் நீங்களே எடுத்துட்டுப் போயி கோவில்ல வச்சுப் பூட்டுங்க. சாவிய நீங்களே வச்சுக்கங்க. எங் கை படாம இருக்கட்டும்.”

“மறுபடி பொல்லாப்பா?”

“பொல்லாப்பு எனக்குத்தான். ஒங்களுக்கென்னா? தூக்குங்க.”

தண்டல் சுற்றிப் பார்த்தார். நிறையப் பேர் இருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே இரண்டு ஆட்களை விட்டுத் தூக்கச் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பத்து மணிக்குக் கோவில் முன்னால் பாதித் தோட்டம் கூடிவிட்டது. சொல்லி அனுப்பி யாரும் வரவில்லை, ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். அம்மாவும் வந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றது. தண்டல் பூட்டைத் திறந்து இரண்டையும் வெளியே வைக்கச் சொன்னார்.

டிரசர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். “பெரியநாயகி, இது வேண்டாம்மா. இருக்கிற ஒடம்புக்கு இது ஆகாது. காகிதம் இருக்குல்ல.”

“ஒங்க காகிதத்த இவங்க குடிச்சுப் பாக்க முடியாதுல்ல டிரசரய்யா. தொட்டிதான்னு கண்ணால பாத்தாத்தான், எவன் பேரையும் சொல்லாமலே என்னய விட்டாங்கன்னு நம்புவாங்க.”

“ஒரு தம்ளருக்கு மேல தொடக்கூடாது.”

“ஒண்ணு போதும்.”

இருசம்மாள் கலயத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். வீரமுத்து மாமாவும் குடித்தார். அத்தை தொட்டிப் பக்கம் போனது. தம்ளரை அமுக்கி நிறைய மொண்டது, நிறுத்தாமல் குடித்தது. கடைசி வாயில் முகம் சுளித்தது.

“ராமாத்தா சொன்னது சரிதான். துவர்க்குது” என்றது.

பிறகு கோவில் படியில் உட்கார்ந்துகொண்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஓர் ஆள் பீடி பற்ற வைத்தார். கேட்டிலிருந்து ஒரு எஸ்.சி. கழுத்தை நீட்டிப் பார்த்தான். அன்று விழுந்த இருவரில் ஒருவன் அவன். பால் ஸ்டோர்ப் பக்கமிருந்து காற்றில் புகைக்கூண்டின் வாடை வந்தது. அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்தது. கொஞ்ச நேரத்தில் உதடு வெளுத்தது. நெற்றி முழுக்க வேர்வை முத்து முத்தாக நின்றது.

“தண்ணி கிண்ணி…” என்று தண்டல் ஆரம்பித்தார்.

அத்தை கையைக் காட்டி நிறுத்தியது. எழுந்து இரண்டு எட்டு வைத்து, குனிந்து, எல்லார் கண் முன்னாலும் வாந்தி எடுத்தது. முதலில் பானகம். பிறகு காலையில் குடித்த கஞ்சி. பிறகு வெறும் நுரை. நிற்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. இருசம்மாள் ஓடிப்போய் முதுகைத் தாங்கினாள். அவளுக்கும் வீரமுத்து மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

“பாத்தாச்சா?” என்று மாமா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை.

வடிவேலு தண்டல் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பானகம் நின்ற மட்டம் வரை மினுக்கம் போய், சாம்பல் நிறமாக ஒரு வளையம் தெரிந்தது. விரலால் தடவிவிட்டு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். “இந்த எழவ நான்தான ஸ்டோர்லருந்து தூக்கியாந்தேன்” என்றார், யாரிடமும் இல்லாமல். முனியம்மா கலயத்தருகே போய் ஒரு தம்ளரை எடுத்தாள், வைத்தாள், பிறகு எடுத்து அரைத்தம்ளர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டுத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

டிரசர் அத்தையைப் படியில் சாய்த்து உட்காரவைத்து நாடி பிடித்தார். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

அம்மாவை வேப்பமரத்தடியில் காணவில்லை. வீட்டுக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் லயத்துப் பக்கமிருந்து வந்தது. ஒரு கையில் முறம் நிறைய அடுப்புச் சாம்பல், மற்றதில் விளக்குமாறு. கூட்டம் வழிவிட்டது. அம்மா குந்தி உட்கார்ந்து, அத்தை எடுத்த வாந்தியின் மேல் சாம்பலைத் தூவியது. அது ஊறும்வரை காத்திருந்தது. பிறகு கூட்டி முறத்தில் அள்ளியது. அத்தையின் காலில் தெறித்திருந்ததைத் தன் முந்தானையில் தண்ணீர் தொட்டுத் துடைத்தது, ஒரு கால், பிறகு இன்னொரு கால்.

அத்தை கண்ணைத் திறந்து, “ராமாத்தா” என்றது.

அம்மா விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டது. முறத்தைத் தூக்கிக்கொண்டு, தலை நிமிராமல் லயத்தைப் பார்த்து நடந்தது.